சைடு டிஷ்ஷும் தொட்டுக்கவும்: ஒரு ஸ்பானிய ஒயினை முன்வைத்து

ஸ்பெயினின் ரியோஹா பகுதியிலிருந்து வரும் சிவப்பு ஒயின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்க லேபிளில் பெரும்பாலும் இரண்டு செய்திகள் இருக்கும். எந்தெந்தத் திராட்சைகள் கலந்தது என்பது ஒன்று. எந்தெந்த உணவோடு குடிக்கலாம் என்பது இன்னொன்று. முதல் செய்தி துல்லியமாக இருக்கும். இரண்டாவது, 'இறைச்சி, பாலாடைக்கட்டி, காரமான உணவு' என்பதுபோல எல்லோருக்கும் பொருந்துகிற, அதனாலேயே யாருக்கும் உதவாத பட்டியலாக இருக்கும். கைபேசியில் லேபிளைப் படம் எடுத்தால் மதிப்பெண் சொல்லும் செயலிகளும் இப்போது உண்டு. அவற்றில் ஒரு மாடு, ஒரு ஆடு, ஒரு கோழி என்று சின்னச் சின்னப் படங்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்தப் படங்களுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை: திராட்சையின் பெயரைக் கொடுத்தால் விலங்கின் பெயரைத் திருப்பித் தரும் ஓர் அட்டவணை. அந்த ஆடு சுக்காவாக வரப்போகிறதா, சால்னாவாக வரப்போகிறதா என்று அட்டவணைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

அந்த இரண்டாவது செய்தியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. உணவுக்கும் மதுவுக்குமான உறவைச் சொல்லத் தமிழில் இன்று தெருவில் புழங்கும் ஒரே சொல் 'சைடு டிஷ்'. அது உறவைத் தலைகீழாகச் சொல்லும் சொல் என்பது என் எண்ணம். அதைவிடத் துல்லியமான சொல் நம் அடுக்களையிலேயே கிடக்கிறது. இதை விளக்க ரியோஹாவுக்கும் விருதுநகருக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டியிருக்கிறது.

*

முதலில் ஒயின். ரியோஹா வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றை ஒட்டிய பகுதி. அங்கே செய்யப்படும் வழக்கமான சிவப்பு ஒயின் ஒரு கலவை. டெம்ப்ரனீயோ அதன் முதுகெலும்பு. சீக்கிரமே பழுத்துவிடும் திராட்சை அது; ஸ்பானிய மொழியில் 'சீக்கிரம்' என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. ஆனால் அதில் புளிப்பு கொஞ்சம் குறைவு. வெயிலை விரும்பும் கர்னாச்சா சதைப்பற்றையும் சூட்டையும் கொடுக்கும். கிராசியானோ கொஞ்சமாகச் சேர்ந்தாலும் மணத்தையும் புளிப்பையும் நிறத்தையும் தூக்கிக் கொடுக்கும். மசுவேலோ துவர்ப்பைக் கூட்டும்.

சிவகாசிப் பக்கம் பிறந்தவனுக்குக் கலவை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெடியுப்பு தனியாக வெடிக்காது. கந்தகம் தனியாக எரிந்து நாறும். கரி தனியாக அடுப்புக்குத்தான் ஆகும். மூன்றும் சரியான அளவில் சேர்ந்தால்தான் கருமருந்து. ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புவதுதான் அங்கேயும் கணக்கு. ஒரு வருடம் வெயில் குறைந்தால் கர்னாச்சாவின் பங்கைக் கூட்டுவார்கள். இன்னொரு வருடம் வேறு அளவு. (ஒரு தற்செயல் உறவும் உண்டு. ஒயின் பீப்பாய்களைச் சுத்தப்படுத்த அவற்றுக்குள் கந்தகத் திரியை எரிப்பது பழைய வழக்கம்.)

கலந்த ஒயின் ஓக் மரப் பீப்பாயில் கிடக்க வேண்டும். இரண்டு வருடம் முதிர்ந்து அதில் ஒரு வருடமாவது பீப்பாயில் இருந்தால் 'கிரியான்சா'. மூன்று வருடம் என்றால் 'ரிசர்வா'. ஐந்து வருடம், அதில் இரண்டு பீப்பாயில் என்றால் 'கிரான் ரிசர்வா'. இந்தப் பீப்பாய்ப் பழக்கம் பிரான்சின் போர்தோவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை முதலில் பூஞ்சையும் பிறகு வேர்ப்பூச்சியும் அழித்தபோது, அங்கிருந்து வணிகர்கள் மலை தாண்டி ரியோஹாவுக்கு வந்தார்கள். 1852இல் தொடங்கிய மார்க்கேஸ் தே முரியேத்தா, 1858இல் தொடங்கிய மார்க்கேஸ் தே ரிஸ்கால் ஆகிய நிறுவனங்கள் போர்தோ முறையை அங்கே நிலைநிறுத்தின. ஆனால் மரத்தை அவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். அமெரிக்க ஓக்கில் ஒரு சேர்மம் உண்டு. அதன் வாசனை தேங்காய் வாசனை. மரபான ரியோஹாவை முகரும் தமிழன் முதலில் பிடித்துக்கொள்ளும் மணம் இதுவாகத்தான் இருக்கும். ஐரோப்பியச் சுவைஞர்கள் வெனிலா, தேங்காய் என்று குறிப்பு எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தேங்காய் ஒரு தொலைதூரத்து மணம். நமக்கு அது அரைத்துவிட்ட குழம்பு.

இந்த ஒயினோடு அந்த ஊரில் என்ன சாப்பிடுகிறார்கள்? இளம் ஆட்டு விலாத்துண்டுகளைத் திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்து அந்தத் தணலில் வாட்டுவார்கள். குளிர்காலத்தில் கொடியைக் கவாத்து செய்ததில் மிஞ்சும் குச்சி அது. கொடியின் பழம் கோப்பையில், கொடியின் குச்சி அடுப்பில். உருளைக்கிழங்கையும், மிளகாய்ப்பொடி சேர்த்த பன்றித் தொத்திறைச்சியையும் ஒன்றாக வேகவைத்த குழம்பு இன்னொன்று. தீயில் சுட்டுத் தோலுரித்த சிவப்பு மிளகாய் மூன்றாவது. அந்த மிளகாயில் உறைப்பு பெரும்பாலும் இருக்காது. கொலம்பஸ் 1493இல் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குக் கொண்டுவந்த செடிதான், அடுத்த நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கும் வந்தது. அவர்கள் அதைப் புகைமணத்துக்கும் நிறத்துக்குமாக வளர்த்தார்கள். நாம் அதை உறைப்புக்காக வளர்த்தோம். விருதுநகர் வத்தல் மண்டிக்குள் ஒருமுறை நடந்து போய்த் தும்மியவருக்கு அந்த வேறுபாடு புரியும்.

ஆக, ஒயின் லேபிளில் ஒரு பொருத்தமாகச் சொல்லப்படுவது உண்மையில் ஒரு வரலாறு. ஒரே மண்ணில், ஒரே குளிரில், ஒரே விறகில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த இரண்டு பொருட்கள் பல தலைமுறைகளாக ஒன்றையொன்று திருத்திக்கொண்டதன் விளைவு. அதை அட்டவணையாக்கி ஏற்றுமதி செய்யும்போது ஆட்டின் படம் மட்டும் கப்பலேறுகிறது. விறகு வருவதில்லை.

*

பொருத்தம் முழுக்க வரலாறு மட்டும்தானா? இல்லை. நாக்குக்கென்று ஒரு வேதியியல் இருக்கிறது. அது எல்லா ஊருக்கும் பொது.

சிவப்பு ஒயினின் முக்கியமான குணம் துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் மரப்பீப்பாயிலும் உள்ள டானின்கள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டு இழுக்கிறது. இதைச் சொல்ல ஆங்கில ஒயின் எழுத்தாளர்கள் பட்டு, வெல்வெட், உப்புத்தாள் என்று துணிக்கடைக்கும் தச்சுப் பட்டறைக்கும் அலைகிறார்கள். நமக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. துவர்ப்பு நம் அறுசுவைகளில் ஒன்று. வாழைப்பூ, நாவற்பழம், மாவடு, கொட்டைப்பாக்கு என்று குழந்தையிலிருந்தே படிநிலை படிநிலையாகப் பழகிய சுவை. ஒயினைப் பற்றித் தமிழில் எழுதும் சிலரும் 'டிரை' என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒயினில் 'டிரை' என்றால் இனிப்பில்லை என்று பொருள். துவர்ப்பு என்று பொருளல்ல. கையில் இருக்கும் துல்லியமான சொல்லை விட்டுவிட்டு மங்கலான சொல்லைக் கடன் வாங்குவது எனக்கு விளங்காத பழக்கம்.

கொழுப்பும் புரதமும் உப்பும் துவர்ப்பை மட்டுப்படுத்தும். துவர்ப்பு பதிலுக்கு வாயில் படிந்த கொழுப்பைத் துடைக்கும். நம் கறிவிருந்து எப்படி முடிகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டுக்கறி, குடல், ரத்தப் பொரியல் எல்லாம் முடிந்து, கையைக் கழுவிவிட்டு, வெற்றிலையில் பாக்கை வைத்து மடித்து வாயில் போடுகிறோம். பாக்கின் துவர்ப்பு நெய்ப்பிசுக்கை அறுக்கிறது. ஸ்பானியன் ஒவ்வொரு வாய்க்கும் நடுவே செய்வதை நாம் கடைசியில் ஒரேயடியாகச் செய்கிறோம். தாம்பூலம் தட்டில் இருக்கும்வரை, துவர்ப்பு - கொழுப்பு என்ற பொருத்தத்தை யாரும் நமக்கு இறக்குமதி செய்து தரவேண்டியதில்லை.

உறைப்புதான் சிக்கல். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும். 14 சதவீத ஒயின் அந்த எரிச்சலைக் கரைத்துக் கழுவும் அளவுக்கு வலுவானதும் அல்ல. துவர்ப்பும் கூடச் சேர்ந்தால் புண்ணில் தேய்த்ததுபோல் இருக்கும். 'காரமான இந்திய உணவுக்கு ஏற்றது' என்று லேபிளில் எழுதுகிறவர் நம் சால்னாவைச் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை.

பெங்களூரில் என் வீட்டில் ஒரு சனிக்கிழமை இதைச் சோதித்துப் பார்த்தோம். சிவகாசியிலிருந்து பஸ்ஸேறி வந்த நண்பன் ஒருவன் விருதுநகரில் எண்ணெய் பரோட்டா பார்சல் வாங்கி வந்திருந்தான். சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அவன் பையில் எப்போதும் இருக்கும். சுக்காவும் கருவாட்டுக் குழம்பும் நான் வைத்தேன். ஒயின் ஒரு கிரியான்சா. டெம்ப்ரனீயோவோடு கர்னாச்சாவும் கொஞ்சம் கிராசியானோவும். தட்டு, சோறு, குழம்பு எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்ததும் அவன் கேட்டான்:

"என்ன மாப்ள, சைடு டிஷ்ஷ எல்லாம் சாப்பாடு மாதிரி பரப்பி வச்சிருக்க?"

"இது சைடு டிஷ் இல்ல, சாப்பாடுதான். ஒயின்தான் சைடு."

"அப்ப ஒயினத் தொட்டுக்கணுமா?"

நக்கலாகத்தான் கேட்டான். ஆனால் இந்தக் கட்டுரையின் சொல்லைக் கொடுத்தவன் அவன்தான்.

சோதனையின் முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். மிளகு தூக்கலாக, கறியின் கொழுப்பிலேயே சுருள வதக்கிய சுக்கா அந்த ஒயினோடு நன்றாகச் சேர்ந்தது. துவர்ப்பு அடங்கி, அதுவரை ஒளிந்திருந்த பழவாசனை மேலே வந்தது. எண்ணெய் பரோட்டாவை மொறுமொறுப்பு போகாமல் கல்லில் சுடவைத்துச் சால்னா ஊற்றாமல் சுக்காவோடு பிய்த்துச் சாப்பிட்டபோதும் சரியாக வந்தது. அதையே ஊர் வழக்கப்படி பிச்சுப்போட்டு, முங்க முங்கச் சால்னா ஊற்றியதும் ஒயின் செத்துவிட்டது. எரிச்சலும் கசப்பும் மட்டுமே மிச்சம். கருவாட்டுக் குழம்பு இன்னும் மோசம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேரும்போது வாயில் துருவும் கவிச்சியும் கலந்த வாடை எழும். பால்கோவா ஒயினை வெறும் புளித்தண்ணீர் ஆக்கியது. உணவு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் அப்படித்தான் நடக்கும். யாரும் எதிர்பார்க்காத வெற்றி சாத்தூர் காராச்சேவு. உப்பு, எண்ணெய், பூண்டு, அளவான உறைப்பு. ஒரு கை காராச்சேவு, ஒரு மடக்கு ஒயின், மறுபடியும் காராச்சேவு என்று பொட்டலம் காலியானது.

இந்த முடிவுகளில் ஒன்றையும் அந்தச் செயலியின் ஆட்டுப்படம் சொல்லியிருக்காது. சுக்காவும் சால்னாவும் ஒரே ஆட்டிலிருந்துதான் வருகின்றன. ஒன்று பொருந்துகிறது, மற்றது பொருந்தவில்லை. பொருத்தம் ஆட்டில் இல்லை, சமையலில் இருக்கிறது.

*

இப்போது 'சைடு டிஷ்' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அதன் பொருள் முதன்மை உணவுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் துணை உணவு. நம் ஊரில் அது சரக்குக்குப் பக்கத்தில் வைக்கப்படும் எல்லாம். ஆம்லெட், சுண்டல், ஊறுகாய், மாங்காய்க் கீற்று, கோழிக்கால், பல நேரம் அரை எலுமிச்சம்பழம். முதன்மை உணவின் இடத்தில் மது உட்கார்ந்திருக்கிறது. உணவு பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. சொல் பொய் சொல்லவில்லை. நடப்பதைத்தான் சொல்கிறது.

ஏன் அப்படி நடக்கிறது? நம் கடைகளில் அதிகம் விற்கும் பிராந்தி, ரம் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியவை. சுவைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஏறுவதற்காகச் செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட பானத்தோடு உணவு செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: தொண்டையில் இறங்கியதன் கசப்பை உடனே கொல்வது. ஊறுகாயைத் தொட்டு நாக்கில் இழுப்பவன் மாங்காயைச் சுவைக்கவில்லை. அவன் வாயை மறக்கடிக்கிறான். நல்ல ரியோஹா செய்வது இதற்கு நேரெதிர் வேலை. அது வாயைத் துடைத்து, அடுத்த கவளத்தை முதல் கவளம்போல ஆக்குகிறது. அங்கே மது உணவுக்காக. இங்கே உணவு மதுவை மறைப்பதற்காக.

ஸ்பெயினிலும் 'தாப்பா' என்று மதுவுக்குக் கொஞ்சம் தீனி உண்டே, அது சைடு டிஷ் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரியோஹாவின் தலைநகரான லொக்ரோன்யோவில் லாரெல் தெரு என்று ஒரு சந்து இருக்கிறது. முழுக்கச் சின்னச் சின்ன மதுக்கடைகள். ஆனால் அங்கே ஒரு கடை காளானுக்குப் பேர்போனது, இன்னொன்று வேறொரு தின்பண்டத்துக்கு. ஜனங்கள் ஒரு சிறு கோப்பையும் ஒரு துண்டு உணவும் வாங்கி, முடித்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்கிறார்கள். கடையை அடையாளம் காட்டுவது உணவு. நம் டாஸ்மாக் பாரை யாராவது அதன் காளானை வைத்து அடையாளம் சொல்லியிருக்கிறார்களா? கடை எண்ணை வைத்தும் பஸ் ஸ்டாண்டை வைத்தும்தான் சொல்வோம்.

இதன் விலையைக் கொடுப்பது நாக்கு மட்டுமல்ல. பட்டாசு, தீப்பெட்டி, அச்சக வேலைகளில் கூலி வாரத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். அந்த மாலைகளை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு பெண், அவளும் பகலெல்லாம் ஆலையில் திரி சொருகிவிட்டு வந்தவள், கறி எடுத்துக் குழம்பு வைத்திருப்பாள். அவன் வேறோர் இடத்தில் நின்றுகொண்டே குடித்து, அங்கேயே எதையோ தின்று, வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிடுவான். சண்டை குடித்ததற்காக மட்டும் நடக்காது. "வச்சது வச்சபடி இருக்கு" என்பதற்காகவும் நடக்கும். ஊரின் மிகச் சிறந்த சமையல் ஓரிடத்திலும் ஊரின் குடி வேறோர் இடத்திலும் இருக்கிறது. இரண்டும் ஒருபோதும் சந்திப்பதில்லை. சைடு டிஷ் என்ற சொல் அந்தப் பிரிவினையின் பெயர்.

*

எப்போதும் இப்படி இருந்ததா? இல்லை என்பதற்குச் சங்கப் பாட்டுகளே சான்று. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் பாணனுக்கு வழி சொல்கிறார். நல்லியக்கோடனின் நாட்டில் கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்துக்குப் போனால் நுளைமகள் வடித்த நாள்பட்ட தேறலும், சுட்ட உலர்ந்த குழல்மீனும் கிடைக்கும். வேலூருக்குப் போனால் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் சுட்ட ஆமான் இறைச்சியும். ஆமூருக்குப் போனால் வெண்சோறும் நண்டும். நிலத்துக்கு ஒரு இணை. எதோடு எது, எந்த ஊரில், யார் கையால் என்று மூன்றையும் சொல்லும் இந்தப் பகுதியைப் பரிசில் இலக்கியமாக மட்டும் வாசிப்பது போதாது. இது ஒரு சுவைக்குறிப்பு. பிரெஞ்சுக்காரர்கள் மண்ணின் குணம் ஒயினில் இறங்குகிறது என்று சொல்லும்போது நாம் வியந்து தலையாட்டுகிறோம். திணை என்று ஒரு முழுக் கவிதையியலை அதே எண்ணத்தின் மேல் கட்டியவர்கள் நாம்.

ஐரோப்பிய ஒயின்கூட நமக்குப் புதிது அல்ல. பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் குறிப்பிடுகிறார். வைகை கடலில் சேருமிடத்துக்கு அருகே அழகன்குளத்தில் அந்தக் காலத்து ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் அகழ்வாய்வில் கிடைத்திருக்கின்றன. 1985வரை அழகன்குளமும் விருதுநகரும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்தான்.

இன்னொரு மரபும் கூடவே உண்டு. திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. அது மதுவை உணவோடு வைத்துப் பேசுவதே இல்லை. குடிப்பவனின் மானம், தாயின் முகம், சான்றோர் மதிப்பு என்று மனிதர்களின் நடுவே வைத்துப் பேசுகிறது. இந்த இரண்டு குரல்களில் நம் பொது வாழ்வு பின்னதைத் தேர்ந்துகொண்டது. அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. எங்கள் மாவட்டத்தில் அந்தக் காரணங்களுக்குச் சொந்த முகமே உண்டு.

என் கொள்ளுத்தாத்தா பனையேறி. எங்கள் வீட்டில் கள் என்ற சொல்லைப் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது. இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பனை ஏறுகிறவர்கள் என்பதையே காரணமாக வைத்துக் கோயிலுக்குள் விடாத சமூகத்தின் நடுவில், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் பேட்டை போட்டு, மகமை பிரித்து, பள்ளிக்கூடம் கட்டி எழுந்தவர்கள் நாடார்கள். விருதுநகரின் சத்திரிய வித்யாசாலா 1889இல் வந்தது. பத்தே வருடத்தில், 1899இல், சிவகாசி சூறையாடப்பட்டது. 1910இல் நாடார் மகாஜன சங்கம். 1921இல்தான் அரசுப் பதிவுகளில் 'நாடார்' என்ற பெயரே ஏறியது. கள்ளிலிருந்து விலகுவது அந்தப் பயணத்தில் உடல்நலப் பிரச்சினை அல்ல, மானப் பிரச்சினை. பனையேறிகளின் வாழ்வையும் அந்தக் கலவரக் காலத்தையும் உள்ளிருந்து அறிய விரும்புகிறவர்கள் பூமணியின் 'அஞ்ஞாடி'யை வாசிக்கலாம்.

பிறகு சட்டம் வந்தது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது. விருதுநகர்க்காரரான காமராஜர் முதல்வராக இருந்த காலம் முழுவதும் மதுவிலக்குக் காலம். 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக். 1987இல் கள்ளுக்குத் தடை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது.

இந்த வரிசையில் நான் நின்று யோசிக்கும் இடம் 1987. கள் நாலைந்து சதவீதப் பானம். இறக்கிய சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதால் அதற்கு ஒரு நேரமும் ஓர் இடமும் ஒரு மரமும் உண்டு. கள் போய், நேரமோ இடமோ மரமோ இல்லாத 42 சதவீதப் பாட்டில் மிஞ்சியது. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை இன்றும் சாப்பாட்டுக்கடைதான். கப்பைக்கும் மீன்கறிக்குமாகக் குடும்பத்தோடு போகிறார்கள், குடிக்காதவர்களும் போகிறார்கள். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தை இன்று பார்க்க வேண்டுமானால் ஆலப்புழைக்குத்தான் போகவேண்டும் போலிருக்கிறது.

*

எதிர்வாதங்கள் தெரியாமல் இல்லை. ஒரு ரியோஹா பாட்டிலின் விலை பட்டாசு ஆலையில் பல நாள் கூலி. ஒயினை வைத்துக் குடிப் பண்பாடு பேசுவது நகரத்துச் சொகுசு என்று ஒருவர் சொன்னால் பாதி ஒப்புக்கொள்வேன். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அது ஒயினுக்கும் கள்ளுக்கும் சேர்த்துத்தான். என் கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகள் பனையிலிருந்து இறங்கி வந்திருக்காவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகவே யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல இது.

நான் கேட்பது விமர்சனத்துக்கு ஒரு சொல். மதுவைப் பற்றி நமக்கு அறச்சொல் இருக்கிறது, நகைச்சுவைச் சொல் இருக்கிறது. சினிமாவில் இரண்டுமே தாராளம். சுவைச்சொல் இல்லை. சுவைச்சொல் இல்லாத இடத்தில் தரம் கேட்க முடியாது. அரசே விற்கும் ஒரு பொருளைப் பற்றி, விலையைத் தவிர வேறு புகார் நமக்குச் சொல்லத் தெரியவில்லை என்பது சாதாரண விஷயமல்ல. சோற்றில் கல் இருந்தால் கேட்கத் தெரிந்த நாக்கு, பிராந்தியில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. மறக்கடிக்க ஊறுகாய் இருக்கிறதே.

அந்தச் சொல் 'தொட்டுக்க'. கம்பங்கூழுக்குத் தொட்டுக்க மோர்மிளகாய். கேப்பைக்களிக்குத் தொட்டுக்கக் கருவாட்டுக் குழம்பு. இட்லிக்குப் பொடி, பொடிக்கு நல்லெண்ணெய். எதற்கு எது என்பதில் நம் வீட்டுக் கிழவிகளைவிடக் கறாரான சுவைஞர்களை நான் எந்த ஒயின் புத்தகத்திலும் சந்தித்ததில்லை. தொட்டுக்கொள்வது எதுவோ அது அளவில் சின்னது, முதன்மையை மறைக்காது, ஆனால் அது இல்லாமல் முதன்மை இறங்காது. மேசையில் மதுவுக்கு ஒரு இடம் உண்டென்றால் அது இந்த இடம்தான். கோப்பை தொட்டுக்க, தட்டு சாப்பாடு. இந்த இலக்கணத்தை ஏற்றுக்கொண்டவனால் தட்டு காலியான பிறகு குடிக்க முடியாது. தொட்டுக்கொள்ள எதுவும் மிச்சம் இருக்காது.

நாட்டின் பாதிப் பொருட்களுக்கு லேபிள் அடிக்கும் ஊர் சிவகாசி. ஒரு ரியோஹா பாட்டிலுக்குத் தமிழில் பின்பக்க லேபிள் அடிக்கச் சொன்னால் நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்: துவர்ப்பு, நடுத்தரம். தேங்காய் மணம் உண்டு. சுக்காவுக்கும் காராச்சேவுக்கும் தொட்டுக்கலாம். சால்னாவுக்கு ஆகாது. கருவாட்டுப் பக்கம் போகவே வேண்டாம். குடிக்காதவர்கள் சாப்பிட்டு முடித்துப் பாக்குப் போட்டுக்கொள்ளலாம். ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.